டி டிரைவில் இருந்த கல்யாணம்

செப்டம்பர் 4, 2008, வியாழன்

இன்றும் பாதியில் நின்றது. அத்திப்பள்ளிக் கல்யாணத்தின் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெண் மேடைக்கு வருகிற இடம். திரையில் ஒரு சாம்பல் பெட்டி எழும்பி, இனிமேல் எழுத இடமில்லை என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னது. டிரைவில் இடம் இருக்கிறது! டேப் மட்டும் கேமராவுக்குள் தன்பாட்டுக்கு ஓடுகிறது. நான் பார்த்து நிறுத்துவதற்குள் மாலை மாற்றி முடித்துவிட்டார்கள்.

பின்னால் ஓட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏற்றி ஒட்டினேன். எப்படி ஒட்டினாலும் அந்த இடத்தில் ஒரு குதி. மத்தியானம் பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க, எங்க பொண்ணு எகிறி குதிச்சி வர்ற மாதிரி இருக்குது" என்றார்கள்.

மாமா அவர்கள் முன்னாலேயே என்னிடம், "கம்ப்யூட்டர் படிச்சிருக்கேன்னு சொன்னியேம்மா மேகலா, எந்த ஊர்ல படிச்ச?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எரிகிறது. நான் எதுக்குச் சிரிச்சேன்?

வாயில் வருவது மாமா. இங்கே மட்டும் திம்மராயன் என்றே எழுதப்போகிறேன். அக்கா ராஜாத்தியின் வீட்டுக்காரர், ஸ்டுடியோ முதலாளி. முன்னால் கடை, பின்னால் வீடு. நான் இங்கே வந்து ஆறு மாதம். கடையிலும் அதே முகம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் அதே முகம்.

செப்டம்பர் 5

அந்த ஆள் சாப்பிடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஹரீஷ்குமாரிடம் போய்க் கேட்டேன். அவன் பேசும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டான். மானிட்டரைப் பார்த்தே பதில் சொல்கிறான். எனக்கு அது பரவாயில்லை. பல்லைக் காட்டிப் பேசுகிறவர்களைவிட மேல்.

விஷயம் இதுதான். எங்கள் டி டிரைவ் ஃபேட் 32 என்கிற பழைய முறையில் இருக்கிறது. அந்த முறையில் ஒரு ஃபைல் நான்கு ஜிபிக்கு மேல் வளராது. டேப்பிலிருந்து வருகிற வீடியோ இருபது நிமிஷம் ஆவதற்குள் அதைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் நிற்கிறது. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் நிற்கும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

"மாத்தறதுக்கு ரெண்டு வழி" என்றான். "ஃபார்மேட் பண்ணா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். கன்வர்ட் பண்ணா இருக்கறது இருக்கற இடத்துலயே இருக்கும், முறை மட்டும் மாறும்."

"அப்ப கன்வர்ட்டே பண்ணிடலாமே?"

"பண்ணலாம். ஒண்ணும் ஆவாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஒண்ணும் ஆவாது. பாதில கரண்டு போனா ஆவும்."

அதனால் முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும். பிறகு டிரைவில் பழுது இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், கொஞ்சம் காலி இடமும் வேண்டும், அதற்குப் பிறகுதான் கன்வர்ட். ஒரு தடவை மாற்றிவிட்டால் துடைக்காமல் பழையபடி ஆக்க முடியாதாம்.

திம்மராயனிடம் சொன்னேன். காப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்றேன். "இருக்கற டிஸ்க்கையே பாத்துக்கத் தெரியல, இன்னொண்ணு கேக்குது" என்றார், என்னிடம் அல்ல, சுவரிடம்.

டேப்புகளை நாங்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறோம். போன மாதக் கல்யாணத்தின் மேல் இந்த மாதக் காதுகுத்து. ஆக, டி டிரைவில் இருப்பதுதான் ஒரே பிரதி. அது போனால் ஊரில் பாதிப் பேர் கல்யாணம் போன மாதிரி. இது அந்த ஆளுக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒல்லி, தூக்கிக் கட்டின கொண்டை. கேமரா, லைட், ஆல்பம் எதையும் பார்க்கவில்லை. நேராகத் திம்மராயனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, எங்க கல்யாண வீடியோ வேணும்."

"எந்தக் கல்யாணம்மா?"

"என்னைத் தெரியலயாண்ணா? முனிலட்சுமி. போன வருஷம் ஆவணியில, மலைமேல முருகன் கோயில்ல. நீங்கதானே எடுத்தீங்க."

திம்மராயன் என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். "அப்பிடி எதுவும் எடுக்கலையேம்மா. வேற ஸ்டுடியோவா இருக்கும், போய்ப் பாரு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடையின் நடுவில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அண்ணிதான் அன்னிக்கி எனக்குப் பூ கட்டிக் குடுத்தாங்க. கூப்பிடுங்க, கேப்போம்."

அண்ணி என்றால் என் அக்கா. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அண்ணி என்றதும் மிக்ஸி நின்றது. அக்கா வெளியே வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்றைய விஷயம் இன்று விளங்கிற்று.

சாயங்காலம் பிரதாப் வந்தான். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை, கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஆயுத பூஜை, ஆண்டு விழா, விளையாட்டு விழா என்று அந்தக் கம்பெனி ஆர்டர் எல்லாம் அவன் மூலமாகத்தான் எங்களுக்கு வருகிறது. "என்ன தாயி, சொகமா?" என்பான் என்னிடம். அந்தத் தாயியைக் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

இரண்டு பேரும் கடை வாசலில் பைக்கில் சாய்ந்து பேசினார்கள். நான் ஷட்டருக்கு இந்தப் பக்கம். ஒளிந்து கேட்கவில்லை, அவர்கள்தான் என்னை ஓர் ஆளாக நினைக்கவில்லை.

"தீவாளி முடிஞ்சி ஊர்ல கல்யாணம் வச்சிட்டாக" என்றான் பிரதாப். "இவ நம்ம கம்பெனி வாசல்ல வந்து நிக்கா. போலீசுக்குப் போவேங்கா. போவட்டும். கோயில்ல ரசீது இல்ல, பத்திரிகை இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்கிட்ட இருக்கது ஒண்ணுதாம்ல."

"எங்கிட்டயும் இல்ல" என்றார் திம்மராயன். "இருந்தாலும் இருக்காது."

உள்ளே வந்து என்னிடம், "அந்த என்னமோ மாத்தணும்னியே, மாத்திடு. கன்வர்ட்டு கின்வர்ட்டு எல்லாம் வேணாம். சுத்தமா ஃபார்மேட் போட்டுடு. ஆயுத பூஜைக்கு சிஸ்டம் புதுசா இருக்கணும்" என்றார்.

"உள்ள இருக்கறதெல்லாம் போயிடும் மாமா."

"போவட்டும். எல்லாம் டெலிவரி குடுத்ததுதான்."

பொய். அத்திப்பள்ளிக் கல்யாணமே இன்னும் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அந்த ஆள் பேங்குக்குப் போன நேரத்தில் தேடினேன். டி டிரைவில் பிரதாப் என்ற பேரிலேயே ஒரு ஃபோல்டர். மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு துண்டு. முதல் துண்டில் சின்னக் கோயில், ஐந்தாறு பேர். முனிலட்சுமி மஞ்சள் சேலையில். கன்னத்தில் இன்னும் சதை இருக்கிறது. அவள் அம்மா பக்கத்தில். ஜவளகிரிக்காரம்மா, ஐயர் தமிழில் எது சொன்னாலும் மகள் அதைக் கன்னடத்தில் காதில் சொல்கிறாள். பிரதாப் தாலியைக் கையில் எடுக்கிறான். மணி அடிக்க ஆரம்பிக்கிறது. கை மேலே போகிறது —

அவ்வளவுதான். நான்கு ஜிபி. துண்டு முடிந்தது.

சிரிப்பதா, நாற்காலியைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. இதை ஏற்றியது நானில்லை, அப்போது நான் இங்கே வரவே இல்லை. திம்மராயன் விட்ட இடத்துக்குப் பின்னால் ஓட்டாமல், அலட்சியமாக அப்படியே மேலே ஏற்றியிருக்கிறார். அந்த டேப்பின் மேல் எத்தனை காதுகுத்து ஏறியதோ. தாலி கட்டினது உலகத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது துண்டு. கழுத்தில் தாலி இருக்கிறது, மஞ்சள் ஈரத்தோடு. பிரதாப் நேராகக் கேமராவைப் பார்த்து, "ஏலே திம்மா, ஒழுங்கா எடுத்தியா? இல்லேன்னா சொல்லு, அவுத்துட்டு இன்னொருக்கா கட்டுதேன்" என்கிறான். கேமராவுக்குப் பின்னாலிருந்து திம்மராயன் குரல்: "ஒருக்கா கட்டினதே போதும்டா, எறங்கு." எல்லோரும் சிரிக்கிறார்கள். முனிலட்சுமியும். அவள் அம்மா மட்டும் மகள் முகத்தைப் பார்க்கிறாள், என்ன சொன்னான் என்று. அவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்காவிடம் கேட்டேன். துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"பூ கட்டிக் குடுத்தியா இல்லையா?"

"இப்ப என்னாத்துக்குடி அது?"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவலைங்கறான் அவன். மாமாவும் அவன்கூட நிக்கறாரு."

"நீ கம்ப்யூட்டரப் பாரு. ஊரு வம்பு உனக்கு எதுக்கு? அந்தக் கம்பெனி ஆர்டர் போனா கடைய மூடிட்டு நீ நான் எல்லாம் ரோட்டுக்கு வரணும்."

"நான் கேட்டது பூவ."

ஈரத் துணியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு முனிலட்சுமி மேல் இரக்கமா? நன்றாக யோசித்துப் பார்த்தேன். பெரிதாக இல்லை. அவள் என்னையும் ஒரு தூணைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். இந்த ஆளுக்கு எது வேண்டாமோ, அது எனக்கு வேண்டும். இப்போதைக்கு எனக்குத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான்.

செப்டம்பர் 23

"ஃபார்மேட் போட்டியா?"
"இல்ல மாமா, அத்திப்பள்ளி வேலை முடியல."
காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாப்பாட்டின் நடுவில் ஒரு தரம்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று அவரே உட்கார்ந்துவிட்டார். டி டிரைவின் மேல் வலது பக்கம் தட்டி, ஃபார்மேட் என்ற வார்த்தையின் மேல் அம்பை வைத்துக்கொண்டு, "இதானே?" என்றார். 

"அத்திப்பள்ளிக்காரங்க சனிக்கிழமைக்கு மேல ஆள் கூட்டிட்டு வர்றேன்னாங்க மாமா. அவங்க பொண்ணு கல்யாணத்த அழிச்சா அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

அம்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு எழுந்தார். "ஞாயித்துக்கிழமை நானே போடறேன்."

ஞாயிறு வரைக்கும்.

ஹரீஷ்குமாரிடம் ஓடினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தான். "இதுல ஏற்கெனவே என்டிஎஃப்எஸ்தான். காப்பி எடுத்ததும் ரெண்டு மூணு ஃபைலைத் தொறந்து பாத்துடுங்க. காப்பி ஆச்சின்னு அது சொல்லும். நம்பக் கூடாது."

செப்டம்பர் 27, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. திம்மராயன் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பெருமாள் கோயில் விழா எடுக்க விடிகாலையிலேயே போய்விட்டார். அக்கா விரதம். நான் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்து ஹரீஷ்குமாரின் டிஸ்க்கை மாட்டினேன். டி டிரைவ் முழுவதையும் காப்பிக்குப் போட்டேன். பிரதாப் ஃபோல்டரை மட்டும் எடுத்திருக்கலாம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. அதை மட்டும் எடுத்தால் திருட்டு. முழுவதையும் எடுத்தால் வேலை.

பாதியில் காலைக் கரண்ட் போனது. தினம் இந்த நேரத்தில் போகும் என்று தெரியும், காப்பிதானே என்று விட்டிருந்தேன். யுபிஎஸ் கீகீ என்று கத்தியது. அதன் பாட்டரி செத்துப் பல நாள் ஆயிற்று. எல்லாம் அணைந்தது. கரண்ட் வந்த பிறகு திரும்ப முதலிலிருந்து. சாப்பிடவில்லை. அக்கா உள்ளேயிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

காப்பி முடிந்ததும் ஹரீஷ்குமார் சொன்னபடி திறந்து பார்த்தேன். அத்திப்பள்ளி, ஒரு வளைகாப்பு, பிரதாப். ஓடுகிறது. அந்த டிஸ்க்கைக் கழற்றி என் துணிப் பையில் வைத்தேன்.

அடுத்தது பரிசோதனை. ஏதோ அறுந்து கிடந்த துண்டுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. வேண்டாத ஃபைல்களை அழித்து இடம் உண்டாக்கினேன். ஓடுகிற எல்லாவற்றையும் மூடினேன். மத்தியானக் கரண்ட் ஒரு தடவை போய்விட்டால் பொழுது சாய்கிறவரை போகாது. அது போய் வரும்வரை காத்திருந்தேன்.

கருப்புத் திரையில் கன்வர்ட் கட்டளையை அடித்தேன். டிரைவின் பெயரைக் கேட்டது. ஸ்டுடியோ என்று கொடுத்தேன். தவறு என்று வெளியே தள்ளியது. போய்ப் பார்த்தால் அந்த ஆள் தன் பெயரையே எழுத்துப்பிழையோடு வைத்திருக்கிறார். அந்தப் பிழையை அப்படியே அடித்தேன். ஒத்துக்கொண்டது.

பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வந்தன. டியூப் லைட் லேசாகத் துடித்தாலும் ஃபேன் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்தது என்று வந்தது.

எல்லாம் இருக்கிறது. ஒன்றும் போகவில்லை. டி டிரைவ் இப்போது என்டிஎஃப்எஸ். அத்திப்பள்ளி டேப்பையே மறுபடி முழுசாக ஏற்றிப் பார்த்தேன். கடைசி வரை நிற்காமல் ஓடி ஒரே ஃபைலாக உட்கார்ந்தது. பெண் இப்போது எகிறாமல் மேடைக்கு வருகிறாள்.

திம்மராயன், இனி எதற்கு ஃபார்மேட் போடுவாய்? சொல்லு பாப்போம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொன்னார்.

காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னேன், மாற்றியாச்சு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, இனிமேல் வீடியோ நிற்காது என்று. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலை நன்றாக முடிந்தது என்பதற்காக ஒரு முதலாளி இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நான் உன்ன ஃபார்மேட்டுதானே போடச் சொன்னேன்?"

"எதுக்கு மாமா? அது இல்லாமயே ஆயிடுச்சே."

"நான் சொன்னா சொன்னதச் செய்யணும்."

"என்னாத்துக்குன்னு சொல்லுங்க, செய்றேன்."

"மேகலா."

"வீடியோ நிக்கற தொல்லைக்காகன்னீங்க. தொல்லை போயிடுச்சி. சிஸ்டம் புதுசா இருக்கணும்னீங்க. இருக்கு. இன்னும் எதை அழிக்கணும்? பேரச் சொல்லுங்க."

அக்கா கதவருகே வந்து நின்றாள். காபி டம்ளர் கையில். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பிரதாப்பு கல்யாணத்த அழி" என்றார். கத்தினார். "அது இருந்தா எனக்குக் கேடு. அழிடி!"

டி போட்டுவிட்டார். இத்தனை நாள் அம்மா போட்டுப் பேசினவர்.

"நீங்க எடுத்தது. நீங்களே அழிச்சிக்கோங்க" என்று எழுந்துவிட்டேன்.

அழித்தார். கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டுவது என்று தேடித் தேடி அழித்தார். குப்பைத் தொட்டியிலும் போய் அழித்தார். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காபியைக் கொடுக்க மறந்து, அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 30

முனிலட்சுமியைக் கம்பெனி வாசலில் கண்டுபிடித்தேன். செக்யூரிட்டி அவளை அந்தப் பக்கம் போகச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தான். அந்த டிஸ்க்கிலிருந்து இரண்டு துண்டையும் டிவிடியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதை நீட்டினேன். யார், எதற்கு, எவ்வளவு என்று வழக்கறிஞர் மாதிரி கேட்டாள். ஒரு நன்றி இல்லை.

"இதுல தாலி கட்டறது இல்ல" என்றேன். "அந்த இடம் மட்டும் போயிடுச்சி."

என்னை முறைத்தாள். அதையும் நான்தான் செய்தேன் என்கிற மாதிரி.

அக்டோபர் 2, வியாழன்

வெளியே அனுப்பிவிட்டார்கள். முனிலட்சுமி டிவிடிக்கு ஒரு காப்பி போட்டுப் பிரதாப்பிடமே கொடுத்து மிரட்டியிருக்கிறாள், அவன் நேராக இங்கே வந்துவிட்டான். இந்தத் தடவை தாயி இல்லை. என்ன வார்த்தை எல்லாமோ. திம்மராயன் என் பையை வாசலில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். தெருவில் பார்க்கிறார்களே.

"அக்கா" என்றேன்.

"போடி" என்றாள். அழுதாளா? தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

இராயக்கோட்டையில் அண்ணன் வீடு இருக்கிறது. போனால் தை பிறப்பதற்குள் எவனுக்காவது கட்டி வைத்துவிடுவான். போகமாட்டேன். ஜூஜுவாடியில் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில். லாரி போகும்போதெல்லாம் கட்டில் நடுங்குகிறது.

அக்டோபர் 8

ஆயுத பூஜை. ரோடெல்லாம் பூசணிக்காய். எல்லாக் கம்பெனி வாசலிலும் வாழை மரம். எனக்கு வேலை இல்லை.

அக்டோபர் 13

பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை. "நம்ம மனே கல்யாணம் எகிறாம ஒட்டிக் குடுத்த பொண்ணு நீதானே" என்றார் முதலாளியம்மா. அந்தப் பெண்ணின் சித்தியாம். மனே என்றால் வீடு. கன்னடம் பாதி, தெலுங்கு பாதி, தமிழ் மீதி. சிரிக்காத பெண்மணி. நல்லது.

அக்டோபர் 22, புதன்

மகளிர் காவல் நிலையம். முனிலட்சுமி ஹாஸ்டல் வரைக்கும் வந்து, "நீங்க வரணும்" என்றாள். கெஞ்சவில்லை. போனேன்.

பிரதாப் தன் தாய்மாமனோடு வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. "அது சும்மா எடுத்தது மேடம். கூட்டாளி ஒருத்தனுக்குப் புதுக் கேமரா வந்திச்சு, டெஸ்டு பண்ணிப் பாத்தோம். தாலி எங்க கட்டினேன்? நீங்களே பாருங்க."

பார்த்தார்கள். முதல் துண்டு ஓடியது. கை மேலே போகிறது, நின்றது.

"பாத்தீகளா? கட்டவே இல்ல" என்றான். சந்தோஷம் தாங்கவில்லை. அவன் கையிலும் இந்த டிவிடி இருந்ததே, முழுக்கப் பார்க்கவில்லையா? பயந்தவன் எங்கே முழுக்கப் பார்த்தான்.

"இன்னும் இருக்கு" என்று நான் ரிமோட்டை அழுத்தினேன்.

"ஏலே திம்மா, ஒழுங்கா எடுத்தியா? இல்லேன்னா சொல்லு, அவுத்துட்டு இன்னொருக்கா கட்டுதேன்."

தாய்மாமன் பிரதாப்பைப் பார்த்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது போலிருக்கிறது. இன்ஸ்பெக்டரம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "திம்மா யாரு?"

நான் சொன்னேன். விலாசமும் சொன்னேன்.

ஆள் அனுப்பி அழைத்துவந்தார்கள். எடுத்ததாக ஞாபகம் இல்லை என்றார் திம்மராயன். அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். ஒருக்கா கட்டினதே போதும்டா. இன்னொரு தடவை. ஒருக்கா கட்டினதே போதும்டா. அவர் என் பக்கமே திரும்பவில்லை. எழுதி வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார். பேனா வழுக்கிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

"அவனோட வாழறியாம்மா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"வேணாம்" என்றாள் முனிலட்சுமி.

"பின்ன என்னம்மா வேணும்?"

"கட்டினேன்னு அவன் வாயால சொல்லணும். எங்கம்மாவுக்குக் கேக்கணும்."

அவள் அம்மா பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். பிரதாப் தரையைப் பார்த்து, "கட்டினேன்" என்றான். முனிலட்சுமி அம்மாவின் காதில் குனிந்து அதைக் கன்னடத்தில் சொன்னாள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. கோவில்பட்டிக் கல்யாணம் நின்றுவிட்டது, தாய்மாமனே போன் போட்டு நிறுத்தினார். வெளியே வந்ததும் முனிலட்சுமி, "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தளி பஸ்ஸில் ஏறினாள்.

அக்டோபர் 27

தீபாவளி. ஹாஸ்டலில் நான்கு பேர். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். நான் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

நவம்பர் 19

அந்தக் கம்பெனி ஆர்டர் திம்மராயனிடமிருந்து போய்விட்டதாம். பிரதாப் இப்போது அவரோடு பேசுவதில்லையாம், நீ சொன்னதால்தான் நான் மாட்டினேன் என்று ஒருவரை ஒருவர் கடை வாசலிலேயே அடித்துக்கொண்டார்களாம். ஹரீஷ்குமார் மாடியிலிருந்து பார்த்ததைச் சொன்னான். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சிக்கோங்க. கேஸு முடியட்டும்" என்றான்.

ஜனவரி 25, 2009, ஞாயிறு

அக்கா வந்தாள்.

ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் போட்டாள். போனேன். பெட்டிக் கடையின் நிழலில் நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டைப் பை. நான் விட்டுவந்த ஸ்வெட்டர், இரண்டு சுடிதார், துவைத்து மடித்து.

"எப்பிடி இருக்கே" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இளைத்திருக்கிறாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் போகும்வரை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அது சௌகரியமாகவும் இருந்தது.

கடைசியில் சொன்னாள்: "அன்னிக்கி நீ முழுசா காப்பி எடுத்தே இல்ல?"

"எடுத்தேன்."

"எங்க கல்யாணம் அதுல இருக்குமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளும் திம்மராயனும் நாலு வருஷத்துக்கு முன்னால் செய்துகொண்ட கல்யாணத்தைக் கேட்கிறாள். வீட்டில் அதே வீடியோ இருக்கிறதே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அந்த ஆள் ஒரு கல்யாணத்தைத் தேடித் தேடி அழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

"இருக்கு."

"தாலி கட்டறது? நடுவுல நிக்காம?"

"பாத்துச் சொல்றேன், வா."

முதலாளியம்மாவிடம் சாவி வாங்கி ஸ்டுடியோவைத் திறந்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய ஸ்டுடியோ ஆள் யாரோ எடுத்தது, ஆட்டம் அதிகம். ஆனால் தாலி கட்டுகிற இடம் முழுசாக இருந்தது, மூன்று முடிச்சும். அக்கா ஒவ்வொரு முடிச்சையும் உற்றுப் பார்த்தாள். அவள் அழவில்லை.

டிவிடி இரண்டு எழுதினேன். உறையில் போட்டு இரண்டையும் கொடுத்தேன். ஒன்றை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கைப்பையில் வைக்கவில்லை.

இன்னொன்றைத் திருப்பி நீட்டினாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.